மணிக்குள் அடைத்த துணி

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப்போவதில்லை. உன் நலத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கண்ணாரப் பார்த்தேன். புது பூட்சு, கையில் புதுத் தொப்பி, முன் வரிசையில் இடம். சாமியார் உன் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலையை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டபோது, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் போல நின்றாய். உனக்கு மாமனாராகப்போகிற கிராணியார் வீட்டு ஆட்கள் திரும்பித் திரும்பி உன்னைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். என் நலத்தை நீ விசாரிக்க வேண்டாம். அந்த எண்ணம் இருந்திருந்தால் அன்று மத்தியானமே சட்டையை மாட்டிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க மாட்டாய்.

அன்று நீ சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு மணியை வைத்தேன், ஞாபகம் இருக்கும். பித்தளை மணி, என்னுடையது. நான் மலைக்கு ஓட்டிப்போன மட்டக்குதிரைகளில் முன்னே நடக்கும் குதிரையின் கழுத்தில் இருபது வருஷம் கிடந்தது. நிலம் அளக்கும் துரையோடு நீ முதல் தடவை பாலிங்குக்கு அப்பால் மலைக்குப் புறப்பட்டபோது அதை உன் கையில் கொடுத்தேன். நீ திரும்பி வந்ததும் சாக்கை வாசலில் போட்டுவிட்டுக் கல்யாணத்துணி எடுக்கக் கடைத்தெருவுக்கு ஓடினாய். மணி பச்சை பிடித்துவிடுமே என்று புளி போட்டுத் தேய்க்க நான் எடுத்தேன். ஆட்டினால் சத்தம் இல்லை. விரலை உள்ளே விட்டால் துணி. உன் அக்கா ஓரம் தைத்துக் கொடுத்த கட்டம் போட்ட கைக்குட்டையைச் சுருட்டி இறுக்கி அடைத்திருந்தாய். அதே சாக்கின் அடியில், குதிரையின் காலைப் பிணைக்கும், சேறு காய்ந்த ஒற்றைத் தளைக்கயிறு. குதிரைக்காரனிடமே அந்தச் சாக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாயே, உன் புத்தியை என்னவென்று சொல்வது.

மணியில் துணி ஏன், புல்லுக்காரன் அந்தோணியை மலையிலிருந்து இறக்கிவிட்டது ஏன் என்று நான் கேட்டதற்கு நீ மென்றுகொண்டே மூன்று பதில் சொன்னாய். முதல் பதில், "தொரைக்குத் தூக்கம் வரலன்னாருப்பா, நான் என்ன பண்ண?" இரண்டாவது, "அந்தோணி குடிகாரன். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு அவன நிப்பாட்டத்தான் போறாங்க." மூன்றாவது, எழுந்து கை கழுவப் போகும்போது, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னது: "நீங்க என்னமோ தப்பே பண்ணாதவரு மாதிரி பேசாதீங்க." நான் மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கிழவனை மடக்கிவிட்டோம் என்று நீ நினைத்திருப்பாய். குருட்டாம்போக்கில் எறிந்த கல், பட வேண்டிய இடத்தில் பட்டுவிட்டது. அந்த மூன்றாவது பதிலுக்குத்தான் இந்தக் கடிதம்.

இதை நீ படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்று கணக்குப் போடாதே. இதே எழுத்தில் இன்னொரு பிரதி எழுதி, கோயிலுக்குப் போட்டுப்போகும் கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். அதை யார் கேட்டாலும் புரிய வேண்டும் என்பதால், நீ செய்ததை உனக்கே விளக்கி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

மலையில் கூடாரம் போட்டால் எல்லாக் குதிரையையும் கட்டிப்போட முடியாது. அத்தனைக்கும் அறுத்துப் போடப் புல் கிடைக்காது. முன்னே நடக்கும் பெட்டையை மட்டும் முளையில் கட்டி, கழுத்தில் மணியோடு விடுவோம். மற்றவற்றின் முன்னங்கால்கள் இரண்டையும் தளைக்கயிற்றால் சேர்த்துப் பிணைத்து மேயவிடுவோம். மணிச் சத்தம் காதில் விழுகிற தூரத்தை விட்டு அவை போகாது. மூடுபனி இறங்கி எதிரில் இருக்கும் ஆளே தெரியாத நேரத்திலும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டையைச் சுற்றியே நிற்கும். இதை உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். புலிக்குப் பயந்துகூட மணியைக் கழற்றாதே என்று சொன்னேன். மணிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று சொன்ன துரையிடம் நல்ல பெயர் வாங்க நீ அதற்குள் துணியை அடைத்தாய், ஒருத்தரிடமும் சொல்லாமல். பொழுது விடியும்போது மேயவிட்ட ஐந்து குதிரைகளையும் காணோம். நான்கு கிடைத்தன. ஒன்று பள்ளத்தில் கழுத்து முறிந்து கிடந்தது. கால் பிணைத்த குதிரை சரிவில் தடுமாறினால் எழுந்திருக்க முடியுமா? நீதான் முதலில் பள்ளத்தில் இறங்கினாய் என்று உன்னோடு மலைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். செத்த குதிரையின் காலில் இருந்த தளையை அவிழ்த்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாய். மேலே வந்து, புல்லுக்காரன் அந்தோணி குடித்துவிட்டு இந்த ஒன்றுக்குத் தளையிட மறந்துவிட்டான், அது தறிகெட்டு ஓடியதில் மற்றவையும் பின்னால் போய்விட்டன என்று துரையிடம் சொன்னாய். அவனை அன்றே மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். துரை உன்னை ஆட்களை மேய்க்கும் மண்டோராக்கிவிட்டார். பூட்சும் தொப்பியும் அப்படி வந்தவை.

செவ்வாய்க்கிழமை நான் படகு ஏறி பாகான் டாலாம் போனேன். அந்தோணியின் வீட்டைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. நம் ஜனங்கள் எல்லாரும் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது ஆள், தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டான். அவன் பெண்சாதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, நான் யார் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். ஒரு வாய்த் தண்ணீர் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் காடு வெட்ட ஆள் எடுக்கிறார்களாம், குடும்பத்தோடு போகப்போகிறேன் என்றான். இருபது வருஷம் குதிரையோடு இருந்தவன் இந்த வயதில் கோடாலி தூக்கப் போகிறான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நானாகக் கேட்ட பிறகு, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் கட்டினேண்ணே. கட்டின கைக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும் குடிச்சேன் குடிச்சேன்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துருச்சு." அதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்து, தம்பிக்குக் கல்யாணமாமே, நல்லா இருக்கட்டும் என்று வேறு சொன்னான். திரும்பும் படகில் எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. கை ஓங்கும் வயதை நீயும் நானும் தாண்டிவிட்டோம், அதனால் எழுதுகிறேன்.

இனி என் கதை.

நீ உன் அம்மா வயிற்றில் இருந்த வருஷம். அப்போது நான் ஒரு பெரிய துரையின் லாயத்தில் குதிரைக்காரர்களுக்கு மூத்தவன். அவருக்கு மலை என்றால் பைத்தியம். பட்டணத்துக்குப் பக்கத்திலிருக்கும் கொடிமலைக்குப் போய் வருவதெல்லாம் அவருக்குப் போதாது. வருஷத்துக்கு ஒரு தடவை குதிரைகளைத் தொங்கான் படகில் ஏற்றிக் கடல் கால்வாயைக் கடந்து, குலிம் வழியாகக் கெடா மலைகளுக்குள் போய் இரண்டு வாரம் கூடாரம் போட்டுத் தங்குவார். எதற்கு என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. பறவையைப் பார்ப்பார், படம் வரைவார், எங்களைப் போட்டு வறுத்தெடுப்பார். குதிரைக்கு மலையில் வருகிற கஷ்டமெல்லாம் அங்கேதான் நான் கற்றேன். ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். புகையிலைத் தண்ணீரைத் துணியில் நனைத்துக் காட்டினால்தான் வெளியே வரும். ஏற்றம் ஏறி வேர்த்திருக்கிற குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டினால் வயிறு இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக முதுகு. சாயங்காலம் சேணத்தை இறக்கியதும் வெறும் உள்ளங்கையால் முதுகை முழுக்கத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வீக்கம் கைக்குச் சூடாகத் தெரியும். சூடு இருந்தால் அந்தக் குதிரைக்கு மறுநாள் சேணம் கிடையாது, ஏறுகிறவர் ராஜாவாக இருந்தாலும் நடக்க வேண்டியதுதான். இதையெல்லாம் வாழ்க்கைக்கு உபதேசம் என்று எடுத்துக்கொள்ளாதே. குதிரைக்கு உபதேசம், அவ்வளவுதான். உனக்கு வாழ்க்கைக்கு உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த வருஷம் என்னோடு உன் அம்மாவின் தம்பி சவரிமுத்துவும் வந்தான். உன் தாய்மாமன். நீ அவனைப் பார்த்ததில்லை. நான்தான் லாயத்தில் சேர்த்துவிட்டேன். நல்ல உழைப்பாளி, சிரித்த முகம். கள் குடிப்பான், யார்தான் குடிக்கவில்லை? மலையில் மூன்றாம் நாள் காலை துரை அவசரப்படுத்தினார். அவர் ஏறுகிற செவலைப் பெட்டைக்கு நான்தான் துணி விரித்துச் சேணம் வைத்தேன். துணி ஓரிடத்தில் மடிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது. எடுத்து மறுபடி விரிக்க வேண்டும், அதற்குள் அவர் மறுபடி கத்துவார், இன்று ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் முதுகைத் தடவினேன், சூடு. நாரத்தங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. துரையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் துணியை மடித்துப் போட்டவன் யார் என்ற கேள்வி வரும். பட்டணத்து லாயம் முழுக்க என் பொறுப்பில் தருவதாகவும், தங்க இரண்டு அறை வீடு தருவதாகவும் அவர் அப்போது வாக்குக் கொடுத்திருந்தார். உன் அம்மா பிள்ளை பெறுவதற்குள் அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவி, யாருக்கும் தெரியாமல் மூடிவிட்டேன்.

மறுநாள் காலை என் கையால் அந்தச் சேணத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பார் எப்படிப்பட்ட மனுஷன் நான்! குதிரைக்கு வலிக்குமே என்று மனம் வரவில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சவரிமுத்துவைக் கூப்பிட்டு, செவலைக்கு நீ சேணம் கட்டு என்றேன். அவன் முதுகைத் தடவிப் பார்க்கவில்லை. மூத்தவன் நேற்றுப் பார்த்திருப்பான் என்று நம்பினான். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. ஏற்றத்தில் துரையின் கனம் பின்னால் சாய்ந்ததும் செவலை வலி பொறுக்காமல் முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. துரை பாறைப் பக்கம் விழுந்தார், தோள்பட்டை எலும்பு உடைந்தது. செவலை சரிவில் உருண்டது. கால் முறிந்து கிடந்த அதை வேறு வழியில்லாமல் அவரே துப்பாக்கியை வரவழைத்துச் சுடச் சொன்னார். சேணத்தை எடுத்துப் பார்த்தால் முதுகில் சதை பிய்ந்திருந்தது. யார் சேணம் கட்டியது என்று கேட்டார். சவரிமுத்து என்று சொன்னேன். அது பொய் இல்லை பார்த்தாயா? அன்று கட்டியவன் அவன்தானே. முதல்நாள் குடித்திருந்தான் என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன். அதுவும் பொய் இல்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனுஷனைக் கவிழ்த்தேன். அந்த வகையில் நீ என்னைவிடக் கொஞ்சம் நேர்மையான அயோக்கியன்.

துரை அவனைப் பார்த்து, உன் மூத்தவன் சொல்வது நிஜமா என்று கேட்டார். சவரிமுத்து என்னைப் பார்த்தான். அந்த நிமிஷம் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தால் அவன் அக்காவின் வீடு போகும், பிறக்கப்போகிற நீ தெருவில் நிற்பாய். அவன் சொன்னது இவ்வளவுதான்: "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும், தொர."

அன்றே அவனை இறக்கி அனுப்பிவிட்டார்கள். எனக்கு லாயமும் வீடும் கிடைத்தன. நீ பிறந்தது அந்த வீட்டில். நீ தவழ்ந்தது, நடந்தது, அக்காவோடு மல்லுக்கட்டியது எல்லாம் அங்கேதான். சவரிமுத்து சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலியாகச் சேர்ந்தான், இரண்டு வருஷத்தில் காய்ச்சலில் செத்தான். சாவுச் செய்தி வந்தபோது உன் அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலிப்பதை நிறுத்தவில்லை. "குடிச்சுக் கெட்டவன். உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்தான். நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். நான்தான் போய் மண் போட்டேன். அதற்கப்புறம் அவள் இருந்த காலம் முழுக்க, தம்பிக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லவில்லை, அவன் பெயரைச் சொல்லவும் இல்லை. தன் தம்பியைக் குடிகாரன் என்று நம்பியபடியே அவளும் கண்ணை மூடினாள். கடைசி நாள்களில் இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் அனுதாபம் கேட்டு எழுதவில்லை.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லையா என்று கேட்பாய். சொன்னேன். முதல் வருஷமே சொன்னேன், சவரிமுத்து உயிரோடு இருக்கும்போதே. சாமியார் ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர், போய் அந்த ஆளிடமும் உன் எஜமானிடமும் சொல்லிவிட்டு வா என்றார். சுங்கை பாக்காப் என்ன சீமையா? ஒரு நாள் நடை. நான் போகவில்லை. அடுத்த வருஷம் வேறு சாமியாரிடம் போனேன், அவரும் அதையே சொன்னார். அப்புறம் அந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டு மற்றப் பாவங்களை மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன். சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டு இரண்டு சாமியார்களிடம் சொல்லிப் பார்த்தவன் நான். அவன் செத்த பிறகு சொல்வதற்கும் ஆள் இல்லை.

உனக்கு ஆள் இருக்கிறான். பாகான் டாலாமில் பலகையைத் துடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். இந்த மாதம் முடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவான், அதற்கப்புறம் அவனுக்கும் காய்ச்சல் வரலாம், அவன் பெண்சாதியும் அவனைக் குடிகாரன் என்று நம்பத் தொடங்கலாம். அவனே நம்பத் தொடங்கிவிட்டானே! எனக்கு இருபத்தைந்து வருஷமாகக் கிடைக்காத நான்கு நாள் உனக்கு இருக்கிறது. துரை சனிக்கிழமை பட்டணத்தில் இருப்பார் என்று கேள்விப்பட்டேன். போ. கைக்குட்டையும் தளைக்கயிறும் என்னிடம் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொண்டு போ. அந்தோணியின் வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். உன் மண்டோர் வேலை போகும், பூட்சு போகும், கிராணியார் முகம் சுளிப்பார். அந்தப் பெண்ணும் உன்னை வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லட்டும். தெரிந்து வேண்டாம் என்று சொல்வது அவள் உரிமை. தெரியாமல் ஒருத்தனோடு ஆயுசு முழுக்க இருந்து செத்த ஒரு பெண்ணை நான் அடக்கம் செய்திருக்கிறேன், இன்னொரு பெண்ணை அப்படி ஆக்க நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீ போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அப்பா முதுகில் குத்தினார் என்று சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மூன்றாம் ஓலையை வாசிப்பார். வாசித்து முடித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். இதுவரை அந்தக் கோயிலில் அப்போது இருமலைத் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை. நான் எழுந்து நிற்பேன். நான் சொல்லப்போவது கல்யாணத்துக்குத் தடையே இல்லை என்பது எனக்குத் தெரியும். சாமியார் அதட்டுவார், கோயில்பிள்ளை கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்ப்பார், உன் அக்கா அழுவாள். அதற்குள் கோட்டுப் பையிலிருக்கும் பிரதியை எடுத்துப் படித்துவிடுவேன். எனக்குக் குரல் இன்னும் இருக்கிறது, மலையில் குதிரையைக் கூப்பிட்ட குரல்.

நீ சனிக்கிழமை போனாலும் நான் எழுந்து நிற்பேன். அதை நினைத்துப் பயப்படாதே, அப்போது உன் பெயரை எடுக்க மாட்டேன். சவரிமுத்து குடித்துவிட்டுச் சேணம் கட்டவில்லை, துணியை மடித்துப் போட்டவன் நான் என்பதை அவன் அக்கா முழங்காலில் நின்ற அந்தக் கோயிலில் ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்ல வேண்டும். அது என் வேலை, அதைச் செய்துவிடுகிறேன். அதற்கு அடுத்தபடி அந்தோணியின் பெயரையும் அங்கே நானே சொல்ல வேண்டியிருக்குமா, அல்லது நீ முந்திக்கொண்டு துரையிடம் சொல்லியிருப்பாயா என்பது சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் மூன்றாவது பதிலுக்குப் பதில் சொல்லிவிட்ட
உன் அப்பன்